பரிசு வாங்கிய படம் எங்கே போகிறது? எழுத்து, சுயாதீன சினிமா விழாக்களின் உள்கணக்கு

விழாப் பருவம் தொடங்கினால் செய்திகளும் வரிசைகட்டி வரும். ஒரு படம் 'உலக முதல் காட்சி' கண்டது. ஒரு குறும்படம் பதினைந்து விழாக்களுக்குத் தேர்வானது. ஓர் எழுத்தாளர் மேடையேற மறுத்துவிட்டார். ஒரு ஆவணப்படத்துக்குக் கடைசி நேரத்தில் அனுமதி கிடைக்கவில்லை. இவற்றைப் படிப்பவருக்குச் சில கேள்விகள் எழும். பரிசு வாங்கிய படத்தை ஏன் எங்கும் பார்க்க முடியவில்லை? படம் அனுப்பும் இயக்குநரே ஏன் காசு கட்டுகிறார்? எழுத்தாளரைக் கூப்பிடுகிறவர்கள் சன்மானம் என்றதும் ஏன் தயங்குகிறார்கள்?

எழுத்தும் படமும் ஒரே பந்தலின் கீழ் கூடினாலும் இரண்டும் கைமாறுவது வெவ்வேறு நாணயத்தில். படத்தின் மதிப்பு 'முதல் முறை' என்பதில் இருக்கிறது. எழுத்தாளரின் மதிப்பு 'நேரில் வருகிறார்' என்பதில் இருக்கிறது. மேலே கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

திரையிடல் வேறு, வெளியீடு வேறு

விழாவில் ஒரு படம் ஓடுகிறது என்றால் ஒன்றிரண்டு காட்சிகளுக்குத் தயாரிப்பாளர் அனுமதி தந்திருக்கிறார், அவ்வளவுதான். திரையரங்கு, தொலைக்காட்சி, ஓடிடி உரிமைகள் எல்லாம் அவர் கையிலேயே இருக்கின்றன. அவற்றை வாங்க ஆள் தேடித்தான் படம் விழாவுக்கே வருகிறது. விழாவில் கிடைக்கும் பரிசு நல்ல ஜாதகம் மாதிரி. வரன் அமைவது தனிக் கதை.

தமிழ் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் இரண்டு படங்கள் இதற்கு நல்ல உதாரணம். 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயரிய டைகர் விருதை வென்றது. அதே ஆண்டு ஆஸ்கருக்கான இந்தியப் பரிந்துரையும் ஆனது. பொதுப் பார்வையாளர் அதைப் பார்க்க முடிந்தது 2023 அக்டோபரில், அதுவும் நேரடியாக ஓடிடியில். 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் முதல் காட்சி கண்டு, ஆகஸ்டிலேயே திரையரங்குக்கு வந்துவிட்டது. இயக்குநர் ஒருவரே, ஆனால் முதல் படத்துக்கு இரண்டே முக்கால் ஆண்டு, இரண்டாவதற்கு ஆறு மாதம். படத்தின் தரத்தை வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது. யார் வாங்குகிறார்கள், எப்போது வெளியிட்டால் போட்ட பணம் திரும்பும் என்ற கணக்குதான் அதை முடிவு செய்கிறது.

'சுயாதீன சினிமா' என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. செலவு குறைவு என்பதால் மட்டும் ஒரு படம் சுயாதீனப் படம் ஆகிவிடாது. பெரிய ஸ்டுடியோவின் பணமோ விநியோக உத்தரவாதமோ இல்லாமல், 'கடைசி வெட்டு', அதாவது படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமையை வெளியாருக்குத் தராமல் எடுக்கப்படுவதையே அந்தச் சொல் குறிக்கும். விநியோக உத்தரவாதம் இல்லாததால்தான் அப்படிப்பட்ட படத்துக்கு விழா இத்தனை முக்கியமாகிறது.

'முதல்' என்பதன் விலை

விழாக்காரர்கள் 'ப்ரீமியர்' என்று சொல்லும்போது ஒரு படிவரிசை அவர்கள் மனதில் இருக்கும். மேலிருந்து கீழே:

1. உலக ப்ரீமியர்: பொதுப் பார்வையாளர் முன் எங்கும் காட்டப்படாத படம்.
2. பன்னாட்டு ப்ரீமியர்: சொந்த நாட்டில் காட்டியாகிவிட்டது, வெளிநாட்டில் இதுதான் முதல்.
3. கண்ட ப்ரீமியர்: ஆசியாவில் முதல், ஐரோப்பாவில் முதல் என்பதுபோல.
4. நாட்டு ப்ரீமியர்.
5. மாநிலம், நகரம் என்று கீழே இறங்கும் படிகள்.

மேல்படி ஒரு தடவைதான் கிடைக்கும். எங்கோ ஒரு சிறிய விழாவில் ஆசைப்பட்டுத் திரையிட்டுவிட்டால், உலக ப்ரீமியரை வற்புறுத்தும் பெரிய விழாவின் கதவு அந்தப் படத்துக்கு மூடிக்கொள்ளும். அதனால்தான் படத்தை முடித்துவிட்டு ஆறு மாதம், எட்டு மாதம் பதில் வரும்வரை பொத்திவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நண்பர்கள் பார்க்கட்டும் என்று யூடியூபில் பொதுவில் ஏற்றிவிட்டாலும் பல விழாக்களின் கணக்கில் 'முதல்' போய்விடும். கடவுச்சொல் போட்ட இணைப்பு என்றால் பிரச்சினை இல்லை. குறும்படங்கள் விஷயத்தில் விழாக்கள் கொஞ்சம் தாராளமாக இருப்பதுண்டு.

பெரிய விழாக்களும் இதற்காக மோதிக்கொள்கின்றன. அமெரிக்காவின் டெல்யூரைடு விழா எந்தெந்தப் படங்கள் என்பதை விழாவுக்கு முந்தைய நாள்வரை வெளியே சொல்லாது. அதற்குச் சில நாட்கள் கழித்து நடப்பது டொரொண்டோ விழா. தாங்கள் 'முதல்' என்று அறிவித்த படங்கள் டெல்யூரைடில் சத்தமில்லாமல் ஓடிவிடுவதைப் பார்த்துச் சலித்து, 2014இல் டொரொண்டோ ஒரு விதி போட்டது. முதல் நான்கு நாட்களில் இடம் வேண்டுமென்றால் படம் உலக ப்ரீமியராகவோ வட அமெரிக்க ப்ரீமியராகவோ இருக்க வேண்டும். அடுத்த ஆண்டே விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே டொரொண்டோ விழா 1976இல் தொடங்கியபோது அதன் பெயரே 'விழாக்களின் விழா'. மற்ற ஊர் விழாக்களில் பேர் வாங்கிய படங்களைத் திரட்டி உள்ளூர்க்காரர்களுக்குக் காட்டுவதுதான் அன்றைக்கு அதன் வேலை.

சிறிய உள்ளூர் விழாக்களுக்கு அந்தப் பழைய டொரொண்டோதான் சரியான முன்மாதிரி என்பது என் கருத்து. உள்ளூர்ப் பார்வையாளருக்கு 'உலகில் முதல்' என்பதால் ஒரு லாபமும் இல்லை. அவர் கேட்பது நல்ல படம், அதுவும் அவர் ஊரில். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ப்ரீமியர் கௌரவம் கிடைக்காத விழாவிடம் விநியோகஸ்தர்கள் 'திரையிடல் கட்டணம்' கேட்பார்கள். பெரிய விழாவுக்குச் சும்மா கிடைக்கும் அதே படத்துக்குச் சிறிய விழா காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

தேர்வு எப்படி நடக்கிறது

விண்ணப்பங்களில் பெரும்பகுதி இன்று ஃபிலிம்ஃப்ரீவே போன்ற இணையதளங்கள் வழியாகவே போகிறது. முன்கூட்டிய தேதி, வழக்கமான தேதி, கடைசித் தேதி என்று மூன்று நான்கு கெடு இருக்கும். தள்ளிப்போகப் போகக் கட்டணம் ஏறும். இந்தப் பணம் தேர்வுப் பணிக்கும் விழா நடத்தும் செலவுக்கும் போகிறது. தேர்வாகாவிட்டால் திரும்ப வராது. நிதி இல்லாதவர்கள் எழுதிக் கேட்டால் சில விழாக்கள் விலக்குத் தருவதுண்டு. கேட்பவர்கள்தான் குறைவு.

போட்டி எவ்வளவு கடுமை என்பதற்கு அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா ஒரு அளவுகோல். 2025ஆம் ஆண்டு விழாவுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் விண்ணப்பித்தன. இடம் கிடைத்தது தொண்ணூறுக்கும் குறைவானவற்றுக்கு. இவ்வளவையும் தலைமைத் தேர்வாளர்களே உட்கார்ந்து பார்க்க முடியாது. எந்தப் பெரிய விழாவிலும் முதல் சல்லடை, 'ஸ்க்ரீனர்' எனப்படும் முதல்நிலைப் பார்வையாளர்கள். அவர்கள் குறிப்பெழுதி மதிப்பெண் போட்டு மேலே அனுப்புவார்கள். 'ப்ரோக்ராமர்' என்பவர் அதிலிருந்து பொறுக்கி, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்று கோர்ப்பவர். நடுவர் குழு இவர்கள் யாரிலும் சேராது. தேர்வான படங்களைப் பார்த்துப் பரிசு கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே 'நடுவர்கள் என் படத்தை நிராகரித்துவிட்டார்கள்' என்று வரும் புலம்பல் பெரும்பாலும் ஆள் மாறிப்போன புலம்பல்.

சுவரொட்டியில் இரண்டு இலைக்கொத்துகளுக்கு நடுவே 'அதிகாரபூர்வத் தேர்வு' என்று இருக்குமே, அதை 'லாரல்' என்பார்கள். அதன் மதிப்பு அதை வழங்கிய விழாவைப் பொறுத்தது. மாதாமாதம் பரிசு, அறுபது எழுபது பிரிவுகள், திரையரங்கு என்று ஒன்றுமில்லை, தேர்வான மறுநாளே 'கோப்பை வேண்டுமா, விலை இவ்வளவு' என்று மின்னஞ்சல் என்றால், அங்கே வியாபாரம் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பதினைந்து லாரல் ஒட்டிய சுவரொட்டியில் முதலில் தேட வேண்டியது, அந்தப் பதினைந்தில் எத்தனை இடத்தில் உண்மையிலேயே ஆட்கள் உட்கார்ந்து படம் பார்த்தார்கள் என்பதை.

குறும்படக்காரர்களுக்கு இன்னொரு நடைமுறைக் கணக்கும் உண்டு. ஆஸ்கர் குறும்படப் பிரிவுக்குப் படம் பெயர்ப் பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் பட்டியலில் உள்ள விழாக்களில் உரிய விருதை வெல்வது அங்கே நுழைய ஒரு வழி. 41ஆவது நிமிடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும்.

எழுத்தாளர் கணக்கு வேறு

புத்தகத்துக்கு ப்ரீமியர் என்ற கவலை கிடையாது. அது ஏற்கெனவே அச்சாகிக் கடைக்கு வந்துவிட்டது. ஒரே எழுத்தாளர் ஒரே நாவலைப் பற்றிப் பத்து ஊர்களில் பேசலாம், பத்தாவது ஊர்க்காரர் கோபிக்க மாட்டார். வாசகர் வருவது ஆளைப் பார்க்கவும், குரலைக் கேட்கவும், கையெழுத்து வாங்கவும். அப்படியானால் விழா விற்பது எழுத்தாளரின் ஒரு நாளை. பல சமயம் பயணத்தையும் சேர்த்து மூன்று நாளை.

அந்த மூன்று நாளுக்குக் கூலி உண்டா என்பதுதான் பல ஆண்டுகளாக ஓயாத சண்டை. 2016 ஜனவரியில் பிரிட்டிஷ் எழுத்தாளர் பிலிப் புல்மன், ஆக்ஸ்ஃபோர்டு இலக்கிய விழாவின் புரவலர் பொறுப்பிலிருந்து விலகினார். காரணம், அந்த விழா எழுத்தாளர்களுக்குச் சன்மானம் தரவில்லை. பந்தல் போட்டவர், அழைப்பிதழ் அச்சடித்தவர் எல்லோருக்கும் காசு போகும்போது, எவரைப் பார்க்கக் கூட்டம் வருகிறதோ அவருக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் வாதத்தின் சாரம்.

'புத்தகம் விற்குமே, அதுவே விளம்பரம்தானே' என்பது வழக்கமாக வரும் பதில். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுத்தாளரின் ராயல்டி பரவலாக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். அமர்வு முடிந்து முப்பது பிரதிகள் விற்றால் அது நல்ல கூட்டம். எழுத்தாளருக்கு வருவது மூன்று பிரதிகளின் விலை. போக வர ஆட்டோவுக்குக் காணாது.

இதன் பின்விளைவு மேடையிலேயே தெரியும். பெரிய பதிப்பகம் தன் எழுத்தாளரின் பயணச் செலவை ஏற்கும், சிறு பதிப்பகத்தால் முடியாது. சன்மானமும் பயணப்படியும் தராத விழாவில் ஒரே முகங்கள் ஆண்டுதோறும் சுற்றிச் சுற்றி வருவதற்கு ரசனைக் குறைவு மட்டுமே காரணமாக இருக்காது. மேடையில் எழுத்தாளரிடம் கேள்வி கேட்டு அமர்வை நடத்தும் மட்டுறுத்துனர் பாடு இன்னும் மோசம். ஒரு மணி நேர அமர்வுக்காக நானூறு பக்க நாவலைப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலையை யாரும் வேலை என்றே எண்ணுவதில்லை. படிக்காமல் வந்து, 'இந்தக் கதை எப்படித் தோன்றியது?' என்று தொடங்கும் மட்டுறுத்துனர்கள் அதனால்தான் உருவாகிறார்கள்.

இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள்

பார்வையாளர் ஏறக்குறைய ஒரே கூட்டம் என்பது ஒரு காரணம். ஆழமான காரணம், படம் காகிதத்தில் தொடங்குகிறது என்பது. அமெரிக்காவில் ஆஸ்டின் திரைப்பட விழா 1990களில் தொடங்கியபோதே திரைக்கதை எழுத்தாளரை நடுவில் வைத்தது. படத் திரையிடலோடு எழுத்தாளர் மாநாடும் திரைக்கதைப் போட்டியும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன. பெர்லின் விழா 2006 முதல் ஃப்ராங்ஃபர்ட் புத்தகச் சந்தையோடு சேர்ந்து, படமாகும் வாய்ப்புள்ள புத்தகங்களைத் தயாரிப்பாளர்கள் முன் வைக்கிறது. ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி, படமாவதற்கு முன் திரைக்கதை நிலையிலேயே உதவுகிறது.

புத்தகம் படமாகும் பேச்சு இந்த இடங்களில் எழும்போது 'ஆப்ஷன்' என்ற சொல் அடிபடும். படமாக்கும் உரிமையை விற்றுவிட்டதாக அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்கு, வேறு யாருக்கும் விற்கமாட்டேன் என்று எழுத்தாளர் தரும் வாக்குறுதிக்கான சிறு தொகை அது. காலம் முடிந்தும் படம் தொடங்காவிட்டால் உரிமை எழுத்தாளரிடமே திரும்பும். 'நாவல் படமாகிறது' என்று வரும் செய்திகள் பலவும் இந்தக் கட்டத்தைச் சொல்பவை. பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பது நல்லது.

காட்சி ஏன் கடைசி நேரத்தில் ரத்தாகிறது

ரத்து என்றதும் அரசியலைத் தேடுகிறோம். பல நேரம் விஷயம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கும்.

திரையரங்குக்குப் படம் போவது டிசிபி என்ற கோப்புத் தொகுப்பாக. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு நூறு ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். அந்த டிஸ்க் வழக்கமாக லினக்ஸ் முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் யாராவது தன் விண்டோஸ் மடிக்கணினியில் செருகினால், கணினிக்கு அது காலி டிஸ்க்காகத் தெரியும். 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கும். 'சரி' என்று அழுத்தினால் படம் போச்சு.

டிசிபி பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்க கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி வேண்டும். இந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட அரங்கின் சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி, நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். கூட்டம் அதிகம் என்று காட்சியை அரங்கு இரண்டிலிருந்து அரங்கு ஐந்துக்கு மாற்றினால், சாவி செல்லாது. முந்தைய அமர்வு இழுத்து, காட்சி இரவு தள்ளிப்போனாலும் அதே கதை. இயந்திர அறையில் ஒருவர் கைபேசியில் இன்னொரு நாட்டுக்காரரை எழுப்பிப் புதுச் சாவி கேட்டுக்கொண்டிருப்பார், வெளியே வரிசையில் நிற்பவர்கள் சதி என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் சப்டைட்டிலுக்குத் தனிச் சிக்கல் உண்டு. சப்டைட்டிலைத் தனி எழுத்துக் கோப்பாகத் தந்தால், சில சர்வர்கள் கொம்பையும் துணைக்காலையும் சரியாகக் கோர்க்காமல் பிய்த்துப் போடும். 'கொ' என்பது மூன்று துண்டாகித் திரையில் நிற்கும். எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவது, அல்லது ஒவ்வொரு வரியையும் படக்கோப்பாகத் தருவது பாதுகாப்பு.

அனுமதியும் பணமும்

தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படம் விழாவில் எப்படி ஓடுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

1. இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம், ஒன்பதாம் பிரிவின் கீழ் விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. விழாக்கள் இந்த விலக்கைக் கேட்டுப் பெறுகின்றன. பார்வையாளர் பதிவு செய்த டெலிகேட்டாக இருக்க வேண்டும் என்பது அதனோடு வரும் நிபந்தனை. கவுன்டரில் டிக்கெட் எடுத்து நுழைய முடியாமல் 'பாஸ்' வாங்கச் சொல்வதன் பின்னணி இதுதான். விலக்கு மறுக்கப்பட்டால் அந்தப் படம் அந்த விழாவில் ஓடாது. 2017இல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு அப்படி நடந்தது.
2. பிரிட்டனில் திரையரங்குக் காட்சிக்கான கடைசி அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களிடம் இருக்கிறது. வகைப்படுத்தப்படாத படத்துக்கு விழாக்காரர்கள் அவர்களிடம் போவார்கள்.
3. அமெரிக்காவில் வயதுத் தரவரிசை சட்டக் கட்டாயம் அல்ல, துறையின் சொந்த ஏற்பாடு.

பணத்தில் சுருக்கமாக ஒன்று. டிக்கெட் வருமானம் மட்டும் ஒரு விழாவைத் தாங்குவது அபூர்வம். அரசு மானியமும் புரவலர்களும்தான் தூண்கள். தூண் ஆடினால் என்ன ஆகும் என்பதை 2024இல் பிரிட்டன் பார்த்தது. பெய்லி கிஃப்ஃபோர்டு முதலீட்டு நிறுவனத்தின் முதலீடுகளை எதிர்த்து எழுத்தாளர்கள் சிலர் இயக்கம் நடத்தி விலகத் தொடங்கியதும், ஹே இலக்கிய விழாவும் எடின்பரோ புத்தக விழாவும் அந்த ஆதரவை விட்டன. அதே நிறுவனம் தாங்கிய வேறு புத்தக விழாக்களின் உறவும் அடுத்தடுத்து முறிந்தது. அந்த எழுத்தாளர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இடத்தை நிரப்ப மாற்றுப் புரவலர் வரிசையில் காத்திருக்கவில்லை என்பதும் நிஜம்.

நிரலைக் கையில் வைத்துக்கொண்டு

ஒரு விழாவின் நிகழ்ச்சி நிரல் வந்ததும், பெரிய பெயர்களில் கண் போகும். சீக்கிரமே திரையரங்குக்கு வரப்போகும் படத்துக்கு அங்கே இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பது வீண். விநியோகஸ்தர் பெயர் ஏற்கெனவே போட்டிருந்தால் அது பின்னால் வரும். தேட வேண்டியது விநியோகஸ்தர் பெயர் இல்லாத படங்களை. அவற்றில் சில இன்னொரு முறை கண்ணில் படாமலே போகலாம்.

குறும்படத் தொகுப்புகளை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு படம் பிடிக்காவிட்டாலும் பன்னிரண்டு நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும் என்ற வசதி முழுநீளப் படத்தில் கிடையாது. 'படத்துக்குப் பின் கலந்துரையாடல்' என்று போட்டிருந்தால், அடுத்த அரங்கின் காட்சியோடு இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கலந்துரையாடல் எப்போதும் இழுக்கும். அரைமணி இடைவெளி இல்லாமல் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்துக் குறித்துக்கொள்கிறவர், முதல் படத்தின் கடைசிக் கேள்வியையும் இரண்டாவது படத்தின் முதல் காட்சியையும் சேர்த்தே இழப்பார்.

ராட்டர்டாம் விழாவின் முதல் திரையிடலுக்கு, 1972இல், வந்தவர்கள் பதினேழு பேர். விழா மூடப்படவில்லை. அந்த மேடையில்தான் 49 ஆண்டு கழித்து 'கூழாங்கல்' பரிசு வாங்கியது.